சைக்கிள் கேள்வி பதில்: டெல்டாவுக்கு எந்த மாதம் வரலாம்?

காவிரி டெல்டாவைச் சைக்கிளில் சுற்ற நினைக்கும் வாசகர்களின் கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். பதில் சொல்பவர் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரங்களில் வேளாண்மைத் துறைக் களப்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜீப் கிடைக்காத காலத்துக்காரர்.

கே: ஐயா, நானும் நண்பரும் பெங்களூரில் வேலை செய்கிறோம். தஞ்சாவூரிலிருந்து கோடியக்கரை வரை சைக்கிளில் போக ஆசை. நான்கு நாள் விடுப்பு கிடைக்கும். வெப்பம் குறைந்த மாதம் என்று பார்த்து டிசம்பர் முதல் வாரத்தைக் குறித்திருக்கிறோம். சரிதானா?
– ஒரு வாசகர், பெங்களூர்

ப: டிசம்பர் முதல் வாரம் என்றால் கார்த்திகை. ‘ஐப்பசி கார்த்திகை அடைமழை’ என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும் மாதத்தை நீங்கள் எப்படிப் பிடித்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது தம்பி. சராசரி வெப்பநிலை அட்டவணையைப் பார்த்திருப்பீர்கள். அதில் டிசம்பர் குளுமையாகத்தான் தெரியும். மழை கொட்டும் நாளில் வெயில் எங்கிருந்து வரும்?

டெல்டாவுக்கு முதலில் தண்ணீரைப் பாருங்கள், அடுத்து காற்றைப் பாருங்கள். வெயில் அதற்கும் பின்னால்தான். இந்தப் பகுதி ஆண்டு முழுதும் பெறும் மழையில் பெரும்பங்கு அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பருக்குள் வந்து சேர்ந்துவிடுகிறது. கிழக்கே போகப் போக அளவு கூடும். தஞ்சாவூரில் தூறல் போடும் நாளில் திருவாரூரில் மழை பெய்யும், வேதாரண்யத்தில் பெருமழை கொட்டும். நீங்கள் போக நினைப்பது மழை வருகிற பக்கம். புயல் வேறு இருக்கிறது. 2008 நவம்பர் கடைசியில் நிஷா காரைக்கால் பக்கம் கரையேறியது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புகுந்து தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. மாதக் கடைசிக்குத் தள்ளிப் போடலாமா என்று கேட்பீர்கள். 2011-இல் தானே புயல் கடலூர்ப் பக்கம் வந்த நாள் டிசம்பர் 30. மழைக்காலத்தில் வந்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன்: நாகைத் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதாகச் செய்தி கேட்டால் அன்றே சைக்கிளை மேற்கே திருப்புங்கள். பத்தாம் எண் வரை காத்திருந்து வேடிக்கை பார்க்க வேண்டாம்.

புயலாவது சில நாள். சேறு அன்றாடத் தொல்லை. டெல்டாவைப் பார்க்க வேண்டுமென்றால் தார்ச்சாலையை விட்டு ஆற்றங்கரைக்கும் வாய்க்கால் கரைக்கும் வர வேண்டும். அந்தக் கரைகள் களிமண் கலந்த வண்டல். நனைந்துவிட்டால் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் ஏறி, பிரேக் கட்டைகளுக்கு இடையில் கெட்டிப்பட்டுச் சக்கரத்தை நிறுத்திவிடும். பிறகு சைக்கிள் உங்கள் மேல்தான் வரும். மட்கார்டைக் கழற்றிவிட்டால் தப்பிக்கலாம் என்று வரும் இளைஞர்களின் சட்டை முதுகைப் பார்த்தால் அவர்கள் எந்த ஊர் வழியாக வந்தார்கள் என்று மண்ணின் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

உங்களுக்கு நான் குறித்துக் கொடுக்கும் நாள் ஜனவரி 20-ஐ ஒட்டி. பொங்கல் கூட்டம் கலைந்திருக்கும். மழை அநேகமாக விட்டிருக்கும், கரைகள் காய்ந்து இறுகியிருக்கும். சம்பா பழுத்து நிற்கும். இன்னொரு காரணமும் உண்டு. மேட்டூர் அணையை வழக்கப்படி மூடும் நாள் ஜனவரி 28. அதற்குப் பிறகு ஆறுகள் ஒவ்வொன்றாக வற்றத் தொடங்கும். மாசி மாதம் மிதிப்பதற்கு இன்னும் சுகம், மறுக்கவில்லை. ஆனால் காவிரியைப் பார்க்க வந்துவிட்டு மணலைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியிருக்கும். தண்ணீர், நெல், உலர்ந்த சாலை மூன்றும் ஒரே நேரத்தில் கிடைக்கும் நாட்கள் ஆண்டில் கொஞ்சம்தான்.

முதல் நாள் வடுவூர் வழியாக மன்னார்குடி போதும். வடுவூர் ஏரியில் அந்தப் பருவத்தில் பறவைகள் இருக்கும், அவசரப்படாதீர்கள். மறுநாள் திருத்துறைப்பூண்டி, அதற்கு மறுநாள் வேதாரண்யம். அங்கிருந்து கோடியக்கரை பத்துப் பதினொரு கிலோமீட்டர்தான். பூநாரைகளும் வெளிமான்களும் தை மாதத்தில் உங்களை ஏமாற்றமாட்டா என்று உறுதி தரமாட்டேன், ஆனால் வைகாசியில் வந்து பூநாரையைத் தேடுவதைவிட இது மேல். காலை ஏழரை வரை மூடுபனி இருக்கலாம்; லாரிக்காரருக்கு உங்களைத் தெரியாது. பின்விளக்கு இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

கே: திருச்சியிலிருந்து பூம்புகாருக்குப் போவது நல்லதா, பூம்புகாரிலிருந்து திருச்சிக்கு வருவது நல்லதா? ஆறு ஓடும் திசையில் போனால் இறக்கமாக இருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகர், சேலம்

ப: உங்கள் நண்பர்கள் நிலப்படத்தை வைத்துச் சொல்கிறார்கள். திருச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 80 மீட்டர் உயரம். அந்த 80 மீட்டரும் கடல் வரை நூற்றைம்பது கிலோமீட்டருக்குப் பரவிக் கிடக்கிறது. தண்ணீருக்கு அந்தச் சரிவு தெரியும், உங்கள் தொடைக்குத் தெரியாது. தொடைக்குத் தெரிவது காற்று. மலைநாட்டில் ஏற்றம் செய்கிற வேலையை இங்கே எதிர்க்காற்று செய்கிறது. மலையில் ஏறினால் இறங்கவாவது செய்யலாம். எதிர்க்காற்றில் அந்த ஆறுதலும் இல்லை.

ஆகவே மாதத்தைச் சொல்லுங்கள், திசையைச் சொல்கிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து கோவை, கரூர், திருச்சி என்று வந்து டெல்டாவில் விரிகிறது. ஆடியில் அதன் வேகத்தைப் பற்றி அம்மியை வைத்து ஒரு பழமொழியே இருக்கிறது. அந்த மாதத்தில் பூம்புகாரிலிருந்து மேற்கே கிளம்புகிறவர் யாரிடமோ பந்தயம் கட்டியிருக்க வேண்டும். கல்லணையில் ஏறி உட்கார்ந்து கிழக்கே பாருங்கள். திருவையாறு, சுவாமிமலை, கும்பகோணம், மயிலாடுதுறை, பூம்புகார் என்று காற்றே தள்ளிக்கொண்டு போய்விடும். முற்பகல் பதினொரு மணிக்கு மேல்தான் அது முழு வேகம் எடுக்கும். மற்ற மாதங்களில் விடியற்காலையில் கிளம்பு என்பேன். ஆடியில் மட்டும் காபி குடித்துவிட்டு நிதானமாகக் கிளம்பு என்பேன்.

அக்டோபர் கடைசியில் காற்று திரும்பிவிடும். அதிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்கு. அப்போது கடற்கரையில் தொடங்கி மேற்கே வாருங்கள். (மேலே கேட்ட பெங்களூர்த் தம்பி தென்கிழக்காகப் போகிறார். அவருக்கு வாடைக்காற்று இடப்பக்கத்திலிருந்து அடிக்கும். உதவியும் இல்லை, உபத்திரவமும் இல்லை.) சித்திரை, வைகாசியில் காலையில் காற்றே இருக்காது. நண்பகலை ஒட்டிக் கடல்காற்று கரையேறி, பிற்பகலில் உள்நாட்டுக்கு வந்து சேரும். அப்போது காலையில் கடலைப் பார்த்துப் போவதும் மாலையில் கடலுக்கு முதுகு காட்டித் திரும்புவதும்தான் கணக்கு.

எனக்குப் பிடித்த பருவம் எது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்வேன்: ஆடி. மேட்டூரை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது மரபு. திறந்தால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும், கடைமடைக்குப் போக இன்னும் பல நாள் ஆகும். மரபு எல்லா ஆண்டும் நடப்பதில்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள்; 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. திறந்திருக்கும் ஆண்டில் ஆடியில் வந்தால் ஒரு பக்கம் குறுவை பச்சை, இன்னொரு பக்கம் சம்பாவுக்கு நாற்றங்கால், எந்த மதகில் நின்றாலும் தண்ணீர்ச் சத்தம். வெயில் உண்டு. முதுகில் காற்று இருக்கும்போது அந்த வெயிலை நான் வெயிலில் சேர்ப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. ஆடி ஆவணியில் உங்கள் தலைக்கு மேல் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும்போதே கொள்ளிடத்தில் வெள்ளம் வரும். மழை பெய்தது குடகிலும் கபினி நீர்ப்பிடிப்பிலும். 2018 ஆகஸ்டில் அப்படி வந்த வெள்ளத்தில்தான் முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்தன. ஆற்றுக்குள் இறங்கிக் குறுக்கே போகும் மண் பாதைகளையும் தரைப்பாலங்களையும் நம்பித் திட்டம் போடாதீர்கள். டீக்கடையில் கேளுங்கள், மேட்டூரிலிருந்து எத்தனை ஆயிரம் கனஅடி வருகிறது என்பது இங்கே டீக்கடைப் பேச்சு.

கே: கியர் வைத்த சைக்கிள் அவசியமா?
– ஒரு கல்லூரி மாணவர், கரூர்

ப: டெல்டாவில் நீங்கள் ஏறப்போகும் உயரமான இடம் ரயில்வே மேம்பாலம். உங்கள் பணம், உங்கள் விருப்பம்.

கே: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. ஏப்ரல் கடைசியும் மே மாதமும்தான் எனக்கு விடுமுறை. தோழிகள் இருவருடன் கும்பகோணம், திருவாரூர், வேதாரண்யம் போக விரும்புகிறேன். மே மாதம் கூடவே கூடாதா?
– ஒரு வாசகி, மதுரை

ப: கூடும் அம்மா. பழைய பருவக் கணக்கில் பிடிவாதமாக இருந்தால் ஆசிரியர்கள் யாரும் சைக்கிளே மிதிக்க முடியாது. 1930-இல் ராஜாஜியும் தொண்டர்களும் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகத் திருச்சியிலிருந்து ஏப்ரல் 13-ஆம் தேதி கிளம்பி, சுமார் 240 கிலோமீட்டர் சித்திரை வெயிலில் நடந்து 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். நாளுக்கு 16 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் தூரத்தை அப்படித்தான் வெட்ட வேண்டும். சைக்கிள் என்பதால் நாளுக்கு 40 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

நம் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு முறை, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு முறை. அந்த முதல் உச்சிக்குப் பக்கத்திலேயே மே மாதம் இருக்கிறது. நடுப்பகலில் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும், சாலையோரப் புளியமரத்தின் நிழல்கூட மரத்தடிக்குள்ளேயே விழும். மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28 வரை அக்னி நட்சத்திரம். விடிவதற்கு முன் நாலரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்கு நிறுத்திவிடுங்கள். மீண்டும் நாலரைக்கு மேல் சூரியன் மறையும் வரை. இடைப்பட்ட நேரத்துக்குக் கோயில் மண்டபத்தைவிட நல்ல இடம் கிடையாது. பெரும்பாலான கோயில்களில் பகலில் நடை சாத்திவிடுவார்கள். அதற்குமுன் போய் வெளிமண்டபத்தில் இடம் பிடித்துவிடுங்கள்.

கடலோரம் போகும்போது ஒரு ஏமாற்று வேலை நடக்கும். வெப்பமானியில் திருச்சியைவிட நாகப்பட்டினம் ஓரிரு டிகிரி குறைவாகக் காட்டும். ஆனால் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு ஆறாது. உள்நாட்டில் தாகம் எச்சரிக்கும், கடலோரத்தில் தலைச்சுற்றல்தான் எச்சரிக்கும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போகாதீர்கள். உப்புப் போட்ட மோர், காலையில் கிடைத்தால் நீராகாரம். இரண்டும் இல்லாத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. நுங்கும் பதநீரும் அந்தப் பருவத்துக்கே உரியவை; தையில் வரும் பெங்களூர்க்காரருக்கு நுங்கு கிடைக்காது, உங்களுக்குக் கிடைக்கும். வேதாரண்யத்தை நெருங்கும்போது அகத்தியம்பள்ளிப் பக்கம் உப்பளங்களில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். மழைக்காலத்தில் வந்தால் அங்கே வெறும் தண்ணீர்தான் தேங்கி நிற்கும். உங்களை வாட்டும் வெயில்தான் அந்தத் தொழிலாளர்களுக்குக் கூலி. உப்பின் வெண்மை கண்ணைக் குத்தும், கறுப்புக் கண்ணாடி எடுத்துச் செல்லுங்கள்.

கே: மழையில் மாட்டிக்கொண்டால் குடையா, ரெயின்கோட்டா?
– ஒரு வாசகர், விழுப்புரம்

ப: திண்ணை. மழைக்கு நேரம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் இரண்டும் குறைவாகவே தேவைப்படும். ஆவணி, புரட்டாசி மழை வெயிலில் திரண்டு மாலையிலோ இரவிலோ இடியோடு வரும்; மூன்று மணிக்குள் ஊர் சேர்ந்துவிடுங்கள். ஐப்பசிக்குப் பிறகு வரும் மழை பெரும்பாலும் கடலிலிருந்து இரவிலும் விடியற்காலையிலும் கரையேறுகிறது. கடலோரத்தில் இருந்தால் காலை ஒன்பது வரை பொறுங்கள். காற்றழுத்தத் தாழ்வு வந்துவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அப்போதுதான் திண்ணை.

கே: மைத்துனர் கோலாலம்பூரில் இருக்கிறார். டிசம்பர் விடுமுறையில் வாருங்கள், குவாந்தானிலிருந்து கோத்தா பாரு வரை கடற்கரையோரமாகச் சைக்கிளில் போகலாம் என்கிறார். வெப்ப மண்டலம்தானே, எல்லா மாதமும் ஒன்றுதானே?
– ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

ப: வெப்பநிலை எல்லா மாதமும் ஏறக்குறைய ஒன்றுதான். மழை ஒன்றல்ல. நமக்கு ஐப்பசியில் மழை கொண்டுவருகிற வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைத் தாண்டி மலேசியாவின் கிழக்குக் கரையில் நேரே மோதுகிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை அந்தப் பக்கம் பெருமழை. 2014 டிசம்பரில் கிளந்தான் மாநிலமே வெள்ளத்தில் மிதந்தது. கோத்தா பாரு அந்த மாநிலத்தின் தலைநகரம்தான். மைத்துனரிடம் மார்ச்சுக்கு மேல் வருவதாகச் சொல்லுங்கள்.

இலங்கையிலும் இதே விளையாட்டு. டிசம்பர் முதல் மார்ச் வரை காலி, மாத்தறை என்று தென்மேற்குக் கரை. மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்குக் கரை. தீவு ஒன்று, பருவம் இரண்டு. வெப்ப மண்டலத்தில் எந்த நாட்டுக்குப் போனாலும், காற்று எந்தக் கடலைத் தாண்டி வருகிறது, உங்களுக்கும் அதற்கும் நடுவில் மலை இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் மாதம் தானாகத் தெரிந்துவிடும். ஜூலையில் பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் மழையில் நனைகிறவர்களுக்கும் இந்தப் பக்கம் மேல்காற்றில் மிதிக்கிற எனக்கும் ஒரே காற்றுதான்.

கே: பிப்ரவரியில் கும்பகோணம் பக்கம் வந்தோம். சாலையெல்லாம் நெல்லும் சேறும். இரண்டு முறை பஞ்சர். அறுவடைக் காலம் நல்ல பருவம் என்று சொல்கிறீர்களே?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

ப: சாலை உங்களுக்குப் பருவம், அவர்களுக்குக் களம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்துத்தான் நெல்லை எடுப்பார்கள். ஈரம் கூடினால் காயவைக்க வேண்டும், எல்லோருக்கும் களம் கிடையாது. நெல் பரப்பிய பாதியை விட்டு மறுபாதியில் போங்கள். நெல்லின் மேல் ஏற்றினால் டயர் வழுக்கும், திட்டும் கிடைக்கும், திட்டு நியாயமானது. சேறு, பெல்ட் வைத்த அறுவடை இயந்திரம் வயலிலிருந்து சாலைக்கு ஏறும்போது உதிர்த்துவிட்டுப் போவது. காய்ந்துவிட்டால் கட்டி கட்டியாகக் கல்போல் நிற்கும், இரவில் தெரியாது. வைக்கோல் லாரி முன்னால் போனால் தூரம் விட்டுப் போங்கள், தூசி கண்ணில் விழும். மாசி கடைசியில் உளுந்தையும் பயறையும் செடியோடு சாலையில் போட்டு வண்டிகளை மிதிக்க விடுவார்கள். அந்தக் கொடி செயினில் சுற்றினால் இறங்கி எடுப்பதைத் தவிர வழியில்லை.

பஞ்சருக்கு நெல் பொறுப்பில்லை. மழை விட்டு மண் காய்ந்ததும் நெருஞ்சி காய்த்து ஓரங்களில் உதிர்ந்து கிடக்கும். கடலோரத்தில் அந்த வேலையைச் சீமைக் கருவேலமுள் செய்யும், அது ஆண்டு முழுதும். சாலையை விட்டு ஓரத்தில் இறக்கும்போதுதான் முள் ஏறும், ஓட்டும்போது அல்ல. ஓய்வெடுக்க இறங்கினால் சைக்கிளைத் தூக்கி வையுங்கள். கிராமத்துப் பஞ்சர் கடையில் சாதாரண ட்யூபுக்கு எல்லாமே இருக்கும். பந்தயச் சைக்கிளின் மெல்லிய வால்வுக்குக் காற்றடிக்க அவரிடம் கருவி இராது. உங்கள் பம்பை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

கே: வேளாங்கண்ணித் திருவிழா சமயத்தில் சைக்கிளில் வரலாமா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

ப: ஆகஸ்ட் 29-இல் கொடியேற்றம், செப்டம்பர் 8-இல் மாதா பிறந்தநாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவெல்லாம் நடக்கிறவர்கள் இருப்பார்கள். வேகமாக மிதிக்க முடியாது. தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் துணைக்கும் குறைவிருக்காது. தனியாக வர அஞ்சும் பெண்களுக்கு ஆண்டிலேயே அந்தப் பத்து நாள்தான் நல்லது என்று என் மகள் சொல்கிறாள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கே: மாலையில் மிதிப்பது சுகமாக இருக்கிறது. இருட்டிய பிறகும் கொஞ்ச நேரம் ஓட்டலாமா?
– ஒரு வாசகர், நாமக்கல்

ப: நம் அட்சரேகையில் அந்தி குறுகியது. சூரியன் விழுந்தால் அரைமணிக்குள் இருட்டு. பகல் நீளமும் பெரிதாக மாறுவதில்லை; மார்கழியில் பதினொன்றரை மணி நேரம், ஆனியில் பன்னிரண்டே முக்கால். அந்த வேறுபாட்டை நம்பி எந்த மாதத்திலும் மாலைத் தூரத்தைக் கூட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கூடுதல் காரணம் ஒன்று: வயலிலிருந்து பச்சைத் தத்துப்பூச்சி விளக்கைத் தேடிக் கூட்டமாக வரும். உங்கள் முன்விளக்கும் விளக்குதான். வாயைத் திறந்து பாடிக்கொண்டு போகிறவராக இருந்தால் ஆறு மணிக்குள் நிறுத்திவிடுங்கள்.

கே: டெல்டாவில் சைக்கிள் ஓட்டவே கூடாத நாள் ஏதாவது உண்டா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

ப: ஆடி 18, கல்லணைச் சாலை. அன்று நடந்து போங்கள்.